பின்னட்டையில் பிடிபட்ட திருடன்

போன மாதம் உங்களில் யாரோ ஒருவர் எனக்கு ஒரு கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிட்டார். சேலையூரில் என் வீட்டு ஹாலில், முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு, எட்டுப் பகுதி கொண்ட ஒரு மர்மத் தொடரைப் பார்க்க ஆசையாக உட்கார்ந்தேன். முதல் பகுதியைத் தொடக்கூட இல்லை. எட்டாம் பகுதிக்கு நீங்கள் ஒட்டியிருந்த சின்னப் படத்தில், கதையில் வரும் வீட்டின் மாப்பிள்ளை கையில் விலங்கோடு தலைகுனிந்து நின்றார். அப்புறம் எட்டு மணி நேரம் நான் எதற்காக உட்கார வேண்டும்? டிவியை அணைத்துவிட்டு கீரை ஆய்ந்தேன்.

மறுநாள் காலையில் உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க இங்கதானே இருபத்தாறு வருஷம் வேலை பாத்தீங்க? புதுசா சேந்தவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்களேன்" என்றாள். சண்டை போட வந்தவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்து வாயை அடைப்பது நம் முதலாளியின் பழைய தந்திரம். அவர் போயும் அது போகவில்லை. சரி, எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. நீங்கள் இன்று படங்களை இணையத்தில் ஏற்றுகிறீர்கள். நாங்கள் அதே படங்களை டிவிடியில் போட்டு, பெட்டியில் அடைத்து, கடைக்கு அனுப்பினோம். அதற்கு முன்னால் சிடி, அதற்கும் முன்னால் கேசட். குரோம்பேட்டையில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில் நம் அலுவலகம் இருந்தது. பெட்டியின் முன்னட்டை, பின்னட்டை, அதில் என்ன எழுதுவது, எந்தப் படம் போடுவது, இதெல்லாம் என் பொறுப்பு. மெஷின் விஷயம் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. அந்த மெஷின்கள் காயலான் கடைக்குப் போய் வெகு நாளாகிறது. தவறுகள் மட்டும் எங்கும் போகவில்லை, அவை பத்திரமாக உங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

பெரிய கதைக்கு முன்னால் சின்னதாக ஒன்று. நான் சேர்ந்த முதல் மாதத்தில், பக்திப் பாடல் சிடி ஒன்றும் நகைச்சுவை நாடக சிடி ஒன்றும் ஒரே நாளில் வெளிவந்தன. இரண்டு மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது எதில் போனது என்று யாரும் ஒரு பெட்டியைத் திறந்து போட்டுப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு பெரியவர் நாமத்தோடும் பையோடும் மாடி ஏறி வந்தார். பையிலிருந்து நரசிம்மர் படம் போட்ட பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை விளக்கேத்திட்டு குடும்பத்தோட உக்காந்து இதப் போட்டேன்மா" என்று ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?" என்றார். அன்று தப்பித்தோம். ஆனால் எல்லாப் பெரியவரும் அப்படி இருக்க மாட்டார்கள். எதை அனுப்பினாலும் வாங்குகிறவராக நின்று ஒரு முறை திறந்து பாருங்கள். வேலை பார்த்தவரின் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. இதை நான் அந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மிளகு வந்து சேரும் வரைக்கும்.

மிளகு ஒரு கார்ட்டூன் சிறுமி. ஒன்பது வயது, இரட்டைப் பின்னல், கையில் பூதக்கண்ணாடி. கூடவே உப்பு என்று ஒரு வெள்ளாடு. இருவரும் சேர்ந்து ஊரில் காணாமல் போகும் பொருள்களைக் கண்டுபிடிப்பார்கள். நம் ஊர்க்காரர்களே சின்ன ஸ்டூடியோவில் வரைந்து எடுத்த தொடர். மொத்தம் பதின்மூன்று கதைகள். எல்லாவற்றிலும் ஒரே திருடன், பெயர் கருப்பு முகமூடி. கோவில் மணியைத் திருடுவான், பள்ளிக்கூடத்து மைக்கைத் திருடுவான், ஓடும்போது ஒரு சிரிப்பு சிரிப்பான். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாகப் போய், கடைசியில் விக்கலில் முடியும் சிரிப்பு. தாம்பரத்தில் அந்தச் சமயம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு பிள்ளை அப்படிச் சிரித்து விக்கிக்கொண்டிருக்கும்.

முகமூடிக்குள் இருப்பது ஊர்க்காரர்களில் ஒருவர் என்பது மட்டும் தெரியும். டீக்கடைக்காரரா, தலைமை ஆசிரியரா, தபால்காரரா, ஐஸ் விற்பவரா, யார் என்று பதின்மூன்றாம் கதையில்தான் தெரியும். தொலைக்காட்சிக்காரர்கள் பன்னிரண்டாம் கதையோடு தொடரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்கு ஒரு சமையல் நிகழ்ச்சியைப் போட்டார்கள். முகமூடி யார் என்று தெரியாமல் பிள்ளைகள் ஒரு வருடம் தவித்தன. அந்தத் தொடரின் டிவிடி உரிமை நமக்குக் கிடைத்தது. மூன்று டிவிடி, ஒரு பெட்டி. முன்னட்டையில் பெரிய எழுத்தில், 'டிவியில் வராத பதின்மூன்றாம் கதையுடன்! கருப்பு முகமூடி யார்?' என்று நானே எழுதினேன். எழுதிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எத்திராஜைச் சொல்ல வேண்டும். அவர் டப்பிங் கலைஞர், அனகாபுத்தூர்க்காரர். இருபது வருடமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவன், ரயிலில் ஒருவன், தூரத்தில் குரைக்கும் நாய், இப்படித்தான். எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. மிளகு தொடரில்தான் முதல்முறையாக முழு வேஷம் கிடைத்தது. ஒரு நாள் ஏதோ கையெழுத்துப் போட அலுவலகம் வந்தவர், போகும்போது, "மேடம், அட்டையில எங்க பேரெல்லாம் வராதுல்ல?" என்று கேட்டார். வருமா என்றுகூடக் கேட்கவில்லை, வராதுல்ல என்று கேட்டார். எனக்கு அது சுருக்கென்று இருந்தது.

நேரே முதலாளியிடம் போனேன். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பர்மா பஜாரில் கேசட் விற்று முன்னுக்கு வந்தவர். "பாய், குரல் கொடுத்தவங்க பேரு பின்னட்டையில வரணும். யார் யாருக்கு யார் பேசினாங்கன்னு தெளிவா வரணும்" என்றேன். "இதுவரைக்கும் போட்டதில்லையேம்மா" என்றார். "அதனாலதான் போடணும்" என்று பெரிய சமூக சீர்திருத்தவாதி மாதிரி பேசினேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். அன்றைக்கே எத்திராஜுக்கு ஃபோன் போட்டு, "உங்க பேரு வருது சார்" என்றேன். நிஜமா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "பொண்ணுகிட்ட சொல்லலாமா மேடம்?" என்றார். "ஊருக்கே சொல்லுங்க" என்றேன்.

பின்னட்டை தயாரானது. டிசைனர் மோகன் பார்த்தான், நான் நாலு முறை பார்த்தேன், பாய் பார்த்தார், ஸ்டூடியோக்காரர்கள் பார்த்தார்கள், அச்சகத்தில் பார்த்தார்கள். எல்லோரும் ஒற்றெழுத்தையும் முற்றுப்புள்ளியையும் பார்த்தோம். இரண்டாயிரம் அட்டை அச்சாகி வந்தது. வரும் சனிக்கிழமை காலை மேற்கு தாம்பரத்தில் ஒரு கடையில் வெளியீடு என்று நோட்டீஸும் கொடுத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம், பெட்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்த வேலையைப் பார்த்தவர் சரோஜா அக்கா. பெருங்களத்தூரிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை மேடம் என்பார், ஆனால் என்னைத் திட்டுவதற்கு அது தடையாக இருந்ததே இல்லை. அவர் பெட்டி சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஒரு பெட்டியைத் திருப்பிப் பிடித்து உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். அப்புறம் என் மேஜைக்கு வந்து அதைத் தொப்பென்று போட்டார்.

"இன்னா மேடம் இது? தபால்காரன்தான் திருடனா?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சொல்லிக்கிறீங்க. இதோ, அட்டையிலயே!"

அவர் விரல் வைத்த இடத்தில் நான் நாலு முறை சரிபார்த்த வரி இருந்தது. 'தபால்காரர், கருப்பு முகமூடி: எத்திராஜ்.' மற்ற எல்லா வேஷத்துக்கும் தனித்தனி ஆள், தனித்தனி வரி. டீக்கடைக்காரருக்கு ஒருவர், தலைமை ஆசிரியருக்கு ஒருவர், ஐஸ்காரருக்கு ஒருவர். தபால்காரரும் முகமூடியும் மட்டும் ஒரே வரியில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். முன்னட்டையில் 'யார்?' என்று கேட்டிருந்தேன். பெட்டியைத் திருப்பினால் பதிலையும் நானே எழுதி வைத்திருந்தேன்.

"ஒரு வருசமா யாருன்னு தெரியாம பேஜாரா இருந்துது மேடம்" என்றார் சரோஜா அக்கா. உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "நான் ஐஸ்காரன்னு நெனச்சிகினு இருந்தேன். சனிக்கெழம வாங்கினு போயி பசங்களோட பாக்கலாம்னு இருந்தேன். எல்லாம் போச்சு."

நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாயின் அறைக்குள் போனேன். நெருக்கடியில் என் குணம் என்னவென்றால், முதலில் அடுத்தவர் மேல் பாய்வேன். மோகனைத் திட்டினேன், அச்சகத்தைத் திட்டினேன், டிவியில் சமையல் செய்த அம்மாவைக்கூடத் திட்டினேன். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எதிரே இருந்த டீயை என் பக்கம் நகர்த்தினார். "குடி. குடிச்சுட்டு சொல்லு, இப்ப என்ன செய்யலாம்?" என்றார். டீ குடிக்கும்போது திட்ட முடியாது. அவர் வைத்தியம் அது. நீங்களும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி மேல் கருப்பு மார்க்கரால் கோடு போட்டுவிடலாம் என்றான் மோகன். வாசலில் நின்ற சரோஜா அக்கா, "கருப்பா அடிச்சா பசங்க அதத்தான் மொதல்ல பாக்கும். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி படிக்கும்" என்றார். ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றேன் நான். "ஒட்டினா உரிக்கும்" என்றார். தபால்காரர் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு, முகமூடிக்கு மட்டும் எத்திராஜ் என்று புதிதாக அச்சடிக்கலாம் என்று மறுபடி மோகன். "மத்தவங்க எல்லாருக்கும் பேரு கீது, தபால்காரனுக்கு மட்டும் இல்லன்னா? அவன்தான்னு தெரிஞ்சிடாது? அதுங்க ஒரு வருசமா துப்பறிஞ்சிகினு கீதுங்கப்பா" என்றார். அந்த அறையில் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். பிள்ளைகளைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் பாய் முடிவு சொன்னார். புதிய பின்னட்டை அடிக்க வேண்டும், அதில் குரல் கொடுத்தவர்கள் பெயரே வேண்டாம், பழையபடியே இருக்கட்டும். "ஒரு பேரு போட்டதுக்கே இந்தப் பாடு. எனக்கு பயமா இருக்கும்மா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்திராஜ்கிட்ட நீதான் போய் சொல்லணும். ஃபோன்ல வேணாம். வாக்கு கொடுத்தது நீ."

மறுநாள் புதன்கிழமை காலை அனகாபுத்தூருக்குப் போனேன். பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'தொழில்நுட்பக் காரணம்' என்று ஆரம்பிக்கலாமா, 'அச்சகத்தில் இடமில்லை' என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். எத்திராஜ் வீடு இருந்த சந்தில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போனதும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவர் மகள் கவிதாவுக்குப் பத்து வயது இருக்கும். அன்று ஏதோ உள்ளூர் விடுமுறை, வீட்டில் இருந்தாள். டிவிக்கு மேலே இருந்த பொம்மைகளை எல்லாம் ஓரமாகத் தள்ளி நடுவில் ஒரு இடம் காலியாக வைத்திருந்தாள். அதன்மேல் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது.

"அங்கதான் ஆன்ட்டி பொட்டி வைக்கப் போறோம். அப்பா பேரு இருக்கற பக்கம் தெரியற மாதிரி திருப்பி வைப்போம். கிளாஸ்ல எல்லாம் எங்கப்பா சும்மா சொல்றாருன்னு சொல்லுதுங்க. சனிக்கெழம வாங்கி திங்கக்கெழம எடுத்துனு போயி காட்டுவேன்."

நான் கலரைக் குடித்தேன். ஆறிய டீயை விட மோசமாக இறங்கியது. "அப்பா யாருக்குக் குரல் கொடுத்தாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். "தபால்காரருக்கு" என்றாள். "முகமூடி யாருன்னும் அப்பாவுக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்றாரு. ரொம்ப மோசம்."

எத்திராஜ் சட்டென்று எழுந்து, "வாங்க மேடம், பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்" என்றார். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் பார்த்த ஒத்திகை ஒன்றும் வாயில் வரவில்லை. என் தவறு, உங்கள் பெயரைப் போட ஆசைப்பட்டு உங்களையே காட்டிக்கொடுத்துவிட்டேன், இப்போது பெயரே இல்லாமல் அச்சடிக்கப் போகிறார்கள் என்றேன். அவர் ஆற்றுப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"அந்த சிரிப்பு இருக்கே மேடம், அது வர ஒரு மாசம் ஆச்சு" என்றார். "வூட்ல சிரிச்சா கவிதாவுக்குத் தெரிஞ்சிடும்னு காலையில ஆத்தங்கரையில வந்து நின்னு சிரிப்பேன். எனக்கு புத்தி பெரண்டுடுச்சுன்னு என் சம்சாரத்துகிட்ட நாலு பேரு வந்து சொல்லிட்டாங்க. பொண்ணு தெனமும் கேக்கும், யாருப்பா முகமூடின்னு. நான்தான்னு தொண்ட வரைக்கும் வந்து நிக்கும். ஒரு வருசமா முழுங்கினு கீறேன். அட்டையில போயி அது வெளிய வரணுமா? வேணாம். பேரை எடுத்துடுங்க."

"கவிதா?"

"அதுகிட்ட ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார். என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கத்துவதற்கும் பக்கத்தில் யாரும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு பெட்டிக்கடை. அங்கே பிரைஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெரிய அட்டையில் சின்னச் சின்னதாக மடித்து ஒட்டிய சீட்டுகள். காசு கொடுத்து ஒன்றைக் கிழித்துப் பிரித்தால் உள்ளே எண் இருக்கும், அந்த எண்ணுக்குப் பலூனோ பொம்மையோ கிடைக்கும். பாவாடை சட்டையில் ஒரு சிறுமி வந்தாள். ஒரு சீட்டைக் கிழித்தாள். உடனே பிரிக்காமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, ஏதோ வேண்டிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பையன் கிழித்த வேகத்திலேயே பிரித்தான். கடைக்காரர் இருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேலை சீட்டை ஒழுங்காக மடித்து ஒட்டுவது மட்டும்தான்.

நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. அடுத்த பஸ்ஸில் ஏறி நேரே பாயின் அறைக்குப் போனேன்.

"பாய், பின்னட்டையில குரல் கொடுத்த அஞ்சு பேரோட பேரையும் போடுவோம். யாரு எந்த வேஷம்னு போட வேணாம். அது உள்ள ஒரு சீட்டுல இருக்கட்டும். சீட்டை மடிச்சு ஒட்டி, மேல 'பதின்மூன்றாம் கதையைப் பார்த்த பிறகே பிரிக்கவும்'னு போடுவோம்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளைங்க முதல்லயே பிரிச்சுடும்மா."

என் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற சரோஜா அக்கா பதில் சொன்னார். "பிரிச்சா பிரிக்கட்டுமே பாய். பிரிச்சது அதுங்க இஷ்டம். வாணாம்னு கீற புள்ளைக்கும் சேத்து நாம சொல்லிட்டமே, அதான தப்பு?"

இருபத்தாறு வருடத்தில் நம் தொழிலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. சின்னப் படம் ஒட்டும்போதும், இரண்டு வரிக் கதைச்சுருக்கம் எழுதும்போதும் இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: வேண்டாம் என்று இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேனா? பாய் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "மோகனைக் கூப்பிடு" என்றார்.

வியாழக்கிழமை அச்சகத்தில் நானே போய் உட்கார்ந்துகொண்டேன். புதிய பின்னட்டை வந்தது. சீட்டும் வந்தது. சீட்டுக்குள், 'தபால்காரர், கருப்பு முகமூடி: இரண்டு குரலும் ஒருவரே' என்று போட்டு, அதன் கீழே எத்திராஜின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதன் கீழே பெரிய எழுத்தில் 'எத்திராஜ், அனகாபுத்தூர்.' முதல் சீட்டை சரோஜா அக்காவிடம் கொடுத்து, "இதுல ஏதாவது தப்பு இருக்கா பாருங்க" என்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மடித்த பிறகும் எழுத்து நிழலாகத் தெரிந்தது. கெட்டித் தாளில் மறுபடி அடித்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகை முடிந்து, எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தார். கணக்குப் பார்க்கிறவர், டிரைவர், கீழே இருந்த ஃபர்னிச்சர் கடைக்காரர் உட்பட எல்லோரும் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, பழைய அட்டையை உருவி, புதியதைச் சொருகி, சீட்டை வைத்து, மறுபடி மூடினோம். ஃபர்னிச்சர் கடைக்காரர் நடுவில் பழைய அட்டை ஒன்றைப் படித்துவிட்டு, "அட, தபால்காரனா?" என்று சத்தம் போட்டார். அவரும் ரசிகர் என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு எல்லோரும் அட்டையைக் கவிழ்த்துத்தான் உருவ வேண்டும் என்று சரோஜா அக்கா உத்தரவு போட்டார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். தொட்டால் பிரியாணி வாசம் அடித்த பெட்டிகள் சில போயிருக்கலாம், யாரும் புகார் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மேற்கு தாம்பரம் கடை வாசலில் பிள்ளைக் கூட்டம். எங்கள் சீட்டின் கதி என்ன ஆகும் என்று ஓரமாக நின்று பார்த்தேன். பாய் சொன்னதுதான் நடந்தது. பாதிப் பேர் படியிலேயே நின்று பிரித்தார்கள். பிரித்துவிட்டு, "சொல்லிடுவேன், சொல்லிடுவேன்" என்று மற்றவர்களைத் துரத்தினார்கள். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு அம்மா தானே சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, "கணக்குல எம்பது மார்க் வாங்கு, சொல்றேன்" என்று மகனிடம் சொன்னார்.

எத்திராஜ் தேய்த்த சட்டையில் வந்திருந்தார், கவிதா கையைப் பிடித்துக்கொண்டு. அவள் பெட்டியை வாங்கியதும் முன்னட்டையைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்னட்டையில் விரலை ஓட்டி அப்பா பெயரைக் கண்டுபிடித்து, இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. "எந்த வேஷம்னு போடலையேப்பா?"

"உள்ள சீட்டு இருக்கும்மா. அதுல இருக்கு."

கவிதா சீட்டை எடுத்தாள். மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டாள். "பதிமூணும் பாத்துட்டுதான் பிரிக்கணுமாம்."

எத்திராஜ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வருடம் முழுங்கினவர் அவர், இன்னும் முழுங்கச் சொன்னால்? என்னைத் தனியாக இழுத்து, "மேடம், பரவால்ல இப்பவே பிரின்னு நீங்க சொல்லுங்களேன். என்னால தாங்கல" என்று கெஞ்சினார். "சார், அச்சடிச்சது நானு. நானே பிரின்னு எப்படி சொல்றது?" என்றேன்.

அவர்கள் வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் போய், அவர்களுக்கு வசதிப்பட்டபோது பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் என் வீட்டுக்கே ஃபோன் செய்தார். "அஞ்சாவது கதையில கீறா மேடம்." திங்கட்கிழமை மாலை அலுவலகத்துக்கு. "பத்து முடிஞ்சிடுச்சு. கரன்ட் போயிடுச்சு." பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினாளாம், ஒரு பிள்ளை சீட்டைப் பிரிக்கப் பார்த்ததற்கு அதன் கையைக் கிள்ளிவிட்டாளாம். "டீச்சர் கூப்ட்டு அனுப்பிக்கிறாங்க, இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டார். நான் அதற்கெல்லாம் அட்டையில் எதுவும் எழுதவில்லையே.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். அலுவலகத்தில் மேஜையில் ஃபோன் அடித்தது. பக்கத்தில் இருந்த சரோஜா அக்காதான் எடுத்தார். அவருக்கு அந்த வாரம் முழுக்க மனசே சரியில்லை. ரகசியம் தெரிந்த பிறகும் பதின்மூன்றாம் கதையைப் பார்த்தாராம், முகமூடி கழன்றபோது திக்கென்றுதான் இருந்ததாம், ஆனாலும் ஐஸ்காரனாக இருந்திருக்கலாம் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். "அலோ" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். ரிசீவரை என் காதருகே கொண்டுவந்தார்.

மறுமுனையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாகப் போய், கடைசியில் விக்கலில் முடியும் சிரிப்பு. குரல் மட்டும் சின்னக் குரல். முடிந்ததும் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "யாரும்மா பேசறது?"

"நான் கருப்பு முகமூடியோட பொண்ணு பேசறேன்."

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

"இருக்காரு ஆன்ட்டி. ஃபோனைக் குடுத்தா வாங்க மாட்டேன்றாரு. சிரிச்சுக் காட்டுப்பான்னு கேட்டேன், ஆரம்பிச்சாரு, பாதியில அழுதுட்டாரு. அதான் மீதியை நான் சிரிச்சேன்."